பாக்டீரியாவைப் பட்டினி போட்டுக் கொல்ல முடியுமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து, நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லா ஆன்டிபயாடிக்கும் செல் சுவர், ரைபோசோம், டி.என்.ஏ. என்று அதே சில இடங்களைத்தான் தாக்குகின்றன. பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தையே முடக்கி அதைப் பட்டினி போட்டால் என்ன? அப்படி மருந்து உண்டா? உண்டென்றால் புதிதாக ஏன் வருவதில்லை? அப்பாவின் கோழிப் பண்ணையில் ரத்தக் கழிச்சலுக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்தும் இந்த வகைதானா? கேள்வியின் கடைசி வரியில், 'அந்த வழி தோற்றுப்போன வழி' என்று வகுப்பில் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். இது முயன்று பார்த்து மூடிய கதவா, அல்லது இன்னும் சரியாகத் தட்டப்படாத கதவா? ஆராய்ச்சிக்கு இதை எடுத்தால் நல்ல வருடங்கள் வீணாகுமா?

நான் மருத்துவ நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் மருத்துவமனை ஆய்வகத்தில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மேசையில் பல காலம் வேலை செய்தவன். மீனாட்சிபுரம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று எல்லையின் இரண்டு பக்கத்து நோயாளிகளின் சிறுநீரும் சீழும் சளியும் எங்கள் தட்டுகளுக்கு வரும். எனவே மருந்து தட்டில் எப்படி நடந்துகொள்கிறது, உடலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மூலக்கூறைச் செதுக்கும் வேதியியல் என் துறை இல்லை. மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் வேலையையும் நான் செய்ததில்லை. அந்த இடங்களில் படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். இங்கே எழுதுவதை யாரும் வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரடியான பதில்: மருந்து உண்டு. பென்சிலின் மருத்துவமனைக்கு வருமுன்பே வந்ததும் இந்த வகைதான். புதியவை குறைவாக வந்ததற்குப் பல காரணங்கள் இருந்தாலும், எனக்குத் தலையாயதாகப் படுவது ஒன்றே: பாக்டீரியா நம் உடலில் எதைத் தின்று வாழ்கிறது என்று பார்க்காமல், சத்து நிறைந்து கொழுத்த கல்ச்சர் திரவத்தில் வைத்து மருந்து தேடினோம். மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்ததுதான்.

1932 டிசம்பரில் ஜெர்மனியில், பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று ஏற்றிய எலிகளுக்கு ப்ரோன்டோசில் என்ற சிவப்புச் சாயத்தைக் கொடுத்தார். எலிகள் பிழைத்தன. 1935-ல் முடிவை வெளியிட்டார், 1939-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே சாயத்தைச் சோதனைக் குழாயில் பாக்டீரியாவின் மேல் விட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. காரணத்தை 1935-லேயே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். உடலுக்குள் சாயம் உடைந்து சல்ஃபானிலமைடு (சுருக்கமாக சல்ஃபா) வெளிவருகிறது, வேலை செய்வது அதுதான். பிறகு 1940-ல் டொனால்ட் வுட்ஸ் ஒரு சிக்கலைப் பின்தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றைச் சேர்த்தால் சல்ஃபாவின் வேலை கெட்டுப்போகிறது. அந்தச் சாற்றில் இருந்து கெடுப்பது பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்று காட்டினார். சல்ஃபா பார்க்க அந்த அமிலத்தைப் போலவே இருக்கும். பாக்டீரியா ஃபோலேட் என்ற பி வைட்டமினைத் தானே தயாரித்தாக வேண்டும். அதற்கு அந்த அமிலம் வேண்டும். நொதி ஏமாந்து சல்ஃபாவைப் பிடித்துக்கொண்டால் தயாரிப்பு நின்றுபோகும். நாமோ ஃபோலேட்டைக் கீரையிலும் பருப்பிலும் வாங்கிக்கொள்கிறோம், தயாரிக்கும் நொதியே நம்மிடம் கிடையாது. அதனால்தான் நமக்குப் பெரிய கேடில்லாமல் அதைத் தாக்க முடிகிறது.

டோமாக் அன்று முதலில் சோதனைக் குழாயில் வடிகட்டி, அதில் தேறியதை மட்டும் எலிக்குக் கொடுத்திருந்தால் ப்ரோன்டோசில் குப்பைக்குப் போயிருக்கும். வளர்சிதை மாற்றத்தைத் தாக்கும் முதல் மருந்து உயிருள்ள உடலில்தான் கண்ணில் பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தோல்விகள் புரியும்.

சல்ஃபாவுக்குத் துணையாக வந்தது டிரைமெத்தோப்ரிம். ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் செய்த வேலையின் வழியில் வந்தது இது. இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஃபோலேட் பாதையின் அடுத்த படியில் இருக்கும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியை டிரைமெத்தோப்ரிம் தடுக்கிறது. இந்த நொதி நம்மிடமும் உண்டு. ஆனால் மருந்து பாக்டீரியாவின் நொதியைப் பல்லாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. நம்மிடம் இல்லாத நொதியைத்தான் குறிவைக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்த மருந்தோ, நம்மிடம் இருந்தாலும் வடிவம் போதிய அளவு மாறியிருந்தால் போதும் என்று காட்டிவிட்டது. இரண்டையும் 1:5 என்ற அளவில் சேர்த்ததுதான் கோட்ரைமாக்சசோல். 80 மில்லிகிராம் டிரைமெத்தோப்ரிம், 400 மில்லிகிராம் சல்ஃபாமெத்தாக்சசோல். இரண்டு மாநிலத்து மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பழைய மாத்திரை.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஃபோலேட் இல்லாமல் பாக்டீரியா சாவதற்கு முக்கியக் காரணம், டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தான தைமிடின் கிடைக்காமல் அதை எழுத முடியாமல் போவது. சரி, வெளியே தயாரான தைமிடின் கிடைத்தால்? வீட்டு அடுப்பை அணைத்துவிட்டோம், ஆனால் தெருமுனையில் ஓட்டல் திறந்திருக்கிறது என்றால் யார் பட்டினி கிடப்பார்கள்? சீழில் இறந்த செல்கள் உடைந்து தைமிடினும் மற்ற பொருள்களும் கொட்டிக் கிடக்கும். சீழ்க் கட்டிக்குள் சல்ஃபா சோர்ந்துபோவது மருத்துவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்ததற்கு இது முக்கியமான காரணம். நீண்டநாள் கோட்ரைமாக்சசோல் எடுக்கும் நோயாளிகளிடம், முக்கியமாக சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களின் சளியில், தைமிடினை வெளியிலிருந்து வாங்கியே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் தோன்றும். தட்டில் அது குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன காலனியாக வளரும். பழக்கமில்லாத கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

எங்கள் மேசையில் இது தினசரி விஷயம். கிருமி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று (சென்சிட்டிவிட்டி) பார்க்கும் முல்லர்-ஹிண்டன் அகாரில் மாட்டிறைச்சிச் சாறும் கேசீன் நீர்ப்பகுப்பும் இருக்கின்றன. அதில் தைமிடின் கொஞ்சம் அதிகமானாலும் கோட்ரைமாக்சசோல் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் இருக்கும் வளையம் சுருங்கி, உண்மையில் கேட்கக்கூடிய பாக்டீரியாவும் கேட்காதது போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு புதிய பாட்சையும் என்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏ.டி.சி.சி. 29212 என்ற தரநிர்ணயக் கிருமியை வைத்துச் சோதிக்கிறோம். வளையம் தெளிவாக, 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதே என்டிரோகாக்கஸ் நோயாளியிடமிருந்து வந்தால், தட்டில் எவ்வளவு பெரிய வளையம் இருந்தாலும் கோட்ரைமாக்சசோல் வேலை செய்யும் என்று ரிப்போர்ட் எழுதக் கூடாது. அந்தக் கிருமி உடலில் கிடைக்கும் ஃபோலேட்டை எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். ஒரே கிருமி, ஒரே மருந்து. தட்டில் சாகிறது, உடலில் வாழ்கிறது. இதன் நேரெதிரும் நடக்கும் என்பதைத்தான் மருந்து தேடியவர்கள் வெகுகாலம் மறந்திருந்தார்கள்.

பண்ணை மருந்துக்கு வருகிறேன். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா பாக்டீரியா அல்ல, ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அப்பா தண்ணீரில் கலப்பது ஆம்ப்ரோலியமாக இருந்தால், ஆமாம், தத்துவம் இதேதான். ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 ஆகிய தயாமினைப் போல உருவம் கொண்டது. ஒட்டுண்ணி தயாமினை உள்ளே இழுக்கும் வழியை அடைத்துவிடும். கோழியின் வழியை அது அவ்வளவாக அடைப்பதில்லை. ஆனால் அளவு மீறியோ வெகுநாளோ கொடுத்தால் கால்நடைக்கே தயாமின் குறைபாடு வரும். இதில் பண்ணைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோழி சோர்ந்திருக்கிறதே என்று அதே நாள்களில் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸும் கலந்தால் மருந்தின் பலன் குறையும், ஒட்டுண்ணிக்குத் தேவையான தயாமினை நாமே கொடுத்ததாகிவிடும். வைட்டமின் எப்போது கொடுக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பாக்கெட்டில் சல்ஃபா என்று இருந்தால் அது நான் மேலே சொன்ன ஃபோலேட் பாதை.

வளர்சிதை மாற்றத்தைத் தாக்குவது தோற்றுப்போன வழி என்று சொல்பவர்களைக் காசநோய் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். 1952-ல் வந்த ஐசோனியாசிட், கிருமியின் மெழுகு போன்ற மைக்கோலிக் அமிலத்தைக் கட்டும் கொழுப்புப் பாதையைத் தடுக்கிறது. அதுவும் கிருமியின் சொந்த நொதி ஒன்று தூண்டிவிட்ட பிறகுதான் மருந்தாகிறது. 1940-களில் வந்த பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் இன்னும் சுவையான கதை. சாலிசிலேட் காசநோய்க் கிருமியின் ஆக்சிஜன் நுகர்வைக் கூட்டுகிறது என்ற கவனிப்பிலிருந்து யோர்கன் லேமன் அதைக் கற்பனை செய்தார். அது ஃபோலேட் பாதைக்குள் நல்ல சரக்கு போலவே புகுந்து, உள்ளே போய் நஞ்சாக மாறுகிறது என்று தெளிவானது 2013-ல்தான். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஐசோனியாசிடையும் இந்த அமிலத்தையும் வைத்து நடத்திய ஆய்வில், வீட்டிலேயே இருந்து ஓராண்டு மருந்து எடுத்தவர்களும் சானடோரியம் என்ற காசநோய் விடுதியில் படுத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள் என்று 1959-ல் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த மெட்ராஸ் ஆய்வு பெரிய காரணம். அதைச் சாத்தியமாக்கிய இரண்டு மருந்துகளும் கிருமியின் தயாரிப்புப் பாதைகளைத் தாக்குபவை. இன்னொரு காசநோய் மருந்தான பைரசினமைடு எதைத் தாக்குகிறது என்பதில் மட்டும் அறிஞர்கள் இன்றும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. கோஎன்சைம் ஏ தயாரிப்பு என்ற பக்கம் சான்று கூடிவருகிறது.

புதியவற்றில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது பெடாக்குவிலின் என்ற காசநோய் மருந்து. 2005-ல் அறிவிக்கப்பட்டு, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தாக்குவது கிருமியின் ஏ.டி.பி. சிந்தேஸை, அதாவது உயிரணு தன் ஆற்றல் நாணயத்தை அச்சடிக்கும் இயந்திரத்தையே. நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே இயந்திரம் இருக்கிறதே, ஆபத்தில்லையா என்று முன்பெல்லாம் கேட்டிருப்பார்கள். மருந்து கிருமியின் வடிவத்தை அதைவிடப் பன்மடங்கு விரும்பிப் பிடிக்கிறது. பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கிருமியையும் அது கொல்கிறது. உறங்கினாலும் கொஞ்சமாவது ஏ.டி.பி. வேண்டுமல்லவா? பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு 18, 20 மாதம் என்று இழுத்த சிகிச்சையை ஆறு மாதமாக்கிய நான்கு மருந்துக் கூட்டில் இது முதுகெலும்பு. இந்தியா 2024-ல் அந்தக் கூட்டை ஏற்றுக்கொண்டது. மருந்துக்கு எதிர்ப்பும் வராமல் இல்லை. மருந்தை வெளியே தள்ளும் பம்பைக் கூட்டிக்கொள்ளும் கிருமிகள் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் ஏன் தோல்வி என்ற பேச்சு வந்தது? 1995-ல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சாவின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டதும், ஒவ்வொரு இன்றியமையாத நொதியையும் தனியே எடுத்து, லட்சக்கணக்கான சேர்மங்களை அதன் மேல் போட்டுப் பார்த்தால் புதிய மருந்து கொட்டும் என்று நம்பினார்கள். கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை ஏறத்தாழ 70 பெரும் தேடல்களை நடத்தியது. மேற்கொண்டு எடுத்துச் செல்லத் தக்க அடிச்சேர்மங்கள் 5 மட்டுமே கிடைத்தன என்று 2007-ல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். முதன்மைக் காரணம், சோதனைக் குழாயில் நொதியைத் தடுத்த சேர்மம் பாக்டீரியாவுக்குள் நுழைய முடியாமல் போனது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, உள்ளே வந்ததைத் துப்பும் பம்புகளும் உண்டு. இந்தத் தடை வளர்சிதை மாற்றத்துக்கு மட்டும் உரியதல்ல. எந்த இலக்கை எடுத்தாலும் இதே சுவர்தான். அந்தத் தோல்வியை இந்த ஒரு வழியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வளர்சிதை மாற்றத்துக்கே உரிய தகராறு ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2006-ல் மெர்க் ஆய்வாளர்கள் பிளாட்டென்சிமைசின் என்ற இயற்கைச் சேர்மத்தை அறிவித்தார்கள். பாக்டீரியாவின் கொழுப்பு அமிலத் தயாரிப்பை அது தடுக்கும். பெரிய எதிர்பார்ப்பு. 2009-ல் வேறொரு குழு, ரத்தத்தில்தான் கொழுப்பு அமிலம் தயாராகக் கிடைக்கிறதே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதை எடுத்துக்கொண்டு தயாரிப்பே இல்லாமல் வாழும் என்று காட்டியது. இலக்கே வீண் என்று பலர் கைகழுவினார்கள். பிறகு வந்த வேலைகள் படத்தை மாற்றின. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தப்பும் அளவுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எளிதில் தப்ப முடியாது என்று 2011-ல் இன்னொரு குழு வாதிட்டது. ஸ்டாஃபை மட்டும் குறிவைக்கும் அஃபாபிசின் என்ற மருந்து அந்தப் பாதையிலேயே மனிதச் சோதனை வரை போயிருக்கிறது. எந்தச் சூழலில் ஸ்டாஃப் தப்பும், எதில் தப்பாது என்ற விவாதம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிருமிக்கு வீணான இலக்கு இன்னொரு கிருமிக்கு உயிர்நாடியாக இருக்கலாம் என்பது தீர்ந்த விஷயம்.

இப்போது எதிர்ப்பக்கம். ஈ. கோலையின் ஏறத்தாழ 4,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த கெய்யோ தொகுப்பை ஜப்பானியர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். கொழுத்த திரவத்தில் இன்றியமையாதவை சுமார் 300 மட்டுமே. சத்துக் குறைந்த திரவத்துக்கு மாற்றினால் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இல்லாமல் பாக்டீரியா வளராது. அமினோ அமிலம், வைட்டமின், டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பியூரின் ஆகியவற்றைத் தயாரிப்பவை அவை. நம் ரத்தம் எந்தத் திரவத்துக்கு நெருக்கம்? சர்க்கரையும் அமினோ அமிலமும் இருக்கின்றன, ஆனால் பியூரினும் பிரிமிடினும் சில வைட்டமின்களும் மிகச் சொற்பம். மனித ரத்தத்தில் வளர வேண்டுமானால் ஈ. கோலையும் சால்மொனெல்லாவும் டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களான நியூக்ளியோடைடுகளைத் தாமே தயாரித்தாக வேண்டும் என்று 2008-ல் காட்டப்பட்டது. 1981-லேயே ஹோய்செத்தும் ஸ்டாக்கரும், நறுமண (அரோமாட்டிக்) சேர்மங்களைத் தயாரிக்கும் பாதை அறுந்த சால்மொனெல்லா எலிக்குள் நோய் உண்டாக்க முடியாமல் தவித்ததைக் காட்டி, அதைத் தடுப்பூசிக்கான வழியாக எடுத்துக்கொண்டார்கள். பாதையை மரபணு மட்டத்தில் அறுத்தால் நோய் வராது என்றால், மருந்தால் அறுத்தாலும் வரக்கூடாது. ஆனால் இப்படிப்பட்ட பாதைகளைத் தடுக்கும் சேர்மங்கள் எல்லாம் முல்லர்-ஹிண்டனில் சோதித்தால் 'பயனில்லை' என்றே வரும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எரிக் பிரவுன் குழு இதைப் புரிந்துகொண்டு, சத்துக் குறைந்த திரவத்திலேயே தேடலை நடத்தினார்கள். புதிய சேர்மங்கள் அகப்பட்டன.

அவர்கள் கதையிலேயே ஒரு திருப்பம் இருக்கிறது, இந்தத் துறைக்கு வருகிற யாரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயோட்டின் என்ற பி வைட்டமினின் தயாரிப்பைத் தடுக்கும் சேர்மம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. சாதாரண எலியில் சோதித்தால் அது தோற்றிருக்கும், ஏனென்றால் எலியின் ரத்தத்தில் மனிதனைவிடச் சுமார் 40 மடங்கு பயோட்டின் ஓடுகிறது. பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தைக் கொடுத்து எலியின் பயோட்டினை மனித அளவுக்கு இறக்கினார்கள். அப்போது மருந்துக்கு அடங்காத கிருமிகளின் தொற்றும் அடங்கியது. தைமிடின் விஷயத்திலும் இதே கதைதான். எலிகளின் ரத்தத்தில் அது மனிதனைவிட அதிகம், அதனால் ஃபோலேட் பாதை மருந்துகள் எலியில் உண்மையைவிட மோசமாகத் தெரியும். மனிதனுக்கு உதவியிருக்கக்கூடிய எத்தனை சேர்மங்கள் இப்படி எலிக் கூண்டிலேயே நின்றுபோயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பட்டினி போடுவது நம் உடலுக்கே தெரிந்த வித்தைதான். ரத்தத்தில் இரும்பைத் தனியே சுற்றவிடாமல் டிரான்ஸ்ஃபெரின் பிடித்து வைத்துக்கொள்கிறது. தொற்றுள்ள இடத்துக்கு வரும் வெள்ளணுக்கள் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பூட்டிவிடும். இரும்புக்குத் தவிக்கும் பாக்டீரியா, அதைக் கவ்விக்கொண்டு வர சிடரோஃபோர் என்ற மூலக்கூறுகளை வெளியே அனுப்பும், திரும்பி வருவதை வாயில் திறந்து உள்ளே வாங்கும். 2019 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற செஃபிடெரோகால் இந்தப் பசியைப் பயன்படுத்துகிறது. அடிப்படையில் அது செல் சுவரைத் தாக்கும் செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக். ஆனால் இரும்பைப் பிடிக்கும் கை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள், பாக்டீரியா தானே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. முன்பு சொன்ன வெளிச்சவ்வுத் தடைக்கு நான் பார்த்த மிக அழகான பதில் இது. இதைச் சோதிக்கும்போதும் இரும்பு நீக்கிய திரவம் வேண்டும், இல்லாவிட்டால் மருந்தின் பலம் தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபாஸ்ஃபோமைசினிலும் இதே தந்திரம்தான். பாக்டீரியா சர்க்கரை பாஸ்பேட்டை உள்ளே எடுக்கும் வாயிலில்தான் அதுவும் நுழைகிறது. அதன் டிஸ்க்கில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சேர்த்திருப்பது அந்த வாயிலைத் திறந்து வைக்கத்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில நேரம் பட்டினி போடுவது தப்பான வழி, ஊட்டிவிட வேண்டும். ஜென்டமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் பாக்டீரியாவுக்குள் போக, அதன் சவ்வில் புரோட்டான் அழுத்தம் வேண்டும், அதாவது அது நன்றாக மூச்சு விட வேண்டும். ஆக்சிஜன் இல்லாத சீழ்க்கட்டியில் ஜென்டமைசின் பலிக்காததும் இதனால்தான். மரபணுவில் எதிர்ப்பு எதுவும் இல்லாமலே, உறங்கிக் கிடப்பதால் மட்டும் மருந்துக்குத் தப்பும் செல்கள் உண்டு. 2011-ல் பாஸ்டனில் ஜேம்ஸ் காலின்ஸ் குழு, உறங்கும் ஈ. கோலைக்கு மானிட்டால் போன்ற சர்க்கரைப் பொருளைக் கொடுத்து எழுப்பினால் ஜென்டமைசின் அதைக் கொன்றுவிடும் என்று காட்டியது. எலிகளின் சிறுநீர்த் தொற்றிலும் பலன் தெரிந்தது. இது நம் மருத்துவமனைகளில் வழக்கமான சிகிச்சையாக ஆகிவிடவில்லை. அதே குழு 2007-ல் முன்வைத்த இன்னொரு கருத்து, கொல்லும் ஆன்டிபயாடிக் எல்லாமே கடைசியில் கிருமியின் வளர்சிதை மாற்றத்தை வெறிபிடிக்க வைத்து, நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளால் கொல்கின்றன என்பது. 2013-ல் இரண்டு குழுக்கள் அதைக் கடுமையாக மறுத்தன. ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் மருந்து கொல்கிறதே என்றார்கள். அந்த ஆக்சிஜன் சேதம் சிறு பங்கு வகிக்கலாம், முழுக் காரணம் அல்ல என்பது என் கணிப்பு. தேர்வில் எழுதும்போது இரண்டு தரப்பையும் எழுதுங்கள்.

இந்த வழியின் பலவீனங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. உடலின் ஒவ்வொரு இடத்திலும் கிருமிக்கு வேறு சாப்பாடு. ரத்தத்தில் பலிக்கும் மருந்து குடலில், சீழில் பலிக்காது. அப்படி இடம் பார்த்துக் கொடுக்கும் மருந்துக்கு, எந்தக் கிருமி என்று சில மணி நேரத்தில் சொல்லும் பரிசோதனை வேண்டும். நம் ஆய்வகங்களில் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆகிறது, அதற்குள் மருத்துவர் எல்லாவற்றையும் கொல்லும் ஊசியைத் தொடங்கியிருப்பார். பணமும் சிக்கல். பிளாசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-ல் அனுமதி வாங்கிய அக்கயோஜென் நிறுவனம் 2019-ல் திவாலானது. எதிர்ப்பும் வேகமாகப் பரவும். சல்ஃபாவுக்கு அடங்காத நொதியைத் தரும் மரபணுக்கள், கிருமிக்குக் கிருமி தாவும் டி.என்.ஏ. துண்டான பிளாஸ்மிடில் ஏறி உலகம் சுற்றிவிட்டன. சிறுநீரில் வரும் ஈ. கோலையில் கோட்ரைமாக்சசோலுக்கு அடங்காதவை எங்கள் தட்டுகளில் சர்வசாதாரணம். கேரளம் 2018-ல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாக மருந்து எதிர்ப்புக்கென்று செயல்திட்டம் போட்டு, 2024-ல் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்க ஆபரேஷன் அம்ரித் சோதனைகளைத் தொடங்கியது. எல்லையோரத்தில் மாத்திரை அட்டை இரண்டு பக்கமும் பையில் போய்வரும். அதனால் ஒரு பக்கத்துக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பது என் அழுத்தமான எண்ணம். புதிய மருந்து வந்தாலும் அதைக் காப்பாற்றுவது இந்த வேலைதான்.

ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா என்றால், எடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் 'புதிய நொதி, புதிய தடுப்பான்' என்று தலைப்பு வைக்காதீர்கள். எந்தக் கிருமி, உடலின் எந்த இடத்தில், எதை வாங்கிச் சாப்பிடுகிறது, எதைத் தானே தயாரிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்கும் தலைப்பாக இருக்கட்டும். வழிகாட்டியைத் தேடும்போது, சோதனைத் திரவத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஆர்வத்தோடு பதில் சொல்பவரிடம் சேருங்கள்.

அதற்கு முன் உங்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. நோய் உண்டாக்காத ஈ. கோலை கே-12 வகையை எடுத்துக்கொள்ளுங்கள், நோயாளி மாதிரிகள் வேண்டாம். டிரைமெத்தோப்ரிமைப் பாதிப் பாதியாக நீர்த்த வரிசையில், குறைந்தபட்சத் தடுப்பு அளவை மூன்று திரவங்களில் பாருங்கள்: முல்லர்-ஹிண்டன், குளுக்கோஸ் மட்டும் சேர்த்த எம்-9 என்ற சத்துக் குறைந்த திரவம், தைமிடின் கலந்த எம்-9. எம்-9-க்குக் கிருமியை மாற்றும்போது இரண்டு முறை கழுவுங்கள், இல்லாவிட்டால் பழைய திரவத்தின் சத்து ஒட்டிக்கொண்டு வந்து முடிவைக் குழப்பும். பிறகு தைமிடினோடு மெத்தியோனின், கிளைசின், அடினின் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது எவ்வளவு காப்பாற்றுகிறது என்று பாருங்கள். ஃபோலேட் பாதை எந்தெந்தப் பொருள்களுக்கு வேர் என்பது உங்கள் தட்டிலேயே தெரியும். ஒப்பீட்டுக்கு சிப்ரோஃப்ளாக்சசினையும் ஒரு வரிசை வையுங்கள், இந்தச் சத்துகளைச் சேர்ப்பதால் அதன் அளவு டிரைமெத்தோப்ரிமைப் போல மாறக்கூடாது. எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், எம்-9 வரிசையில் வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்பதால் 24 மணி நேரத்தோடு 48 மணி நேர அளவையும் சேர்த்து எழுதுங்கள்.